இருக்கையில் ஆள் இல்லை

பதினேழாம் இருக்கையில் ஆள் இருப்பதாகப் பங்காளி சொன்னது.

லேப் மேடம் அதை நம்பவில்லை. தொடர் விடுமுறையின் நான்காம் நாள், மதியம் இரண்டு மணி. அறுபது கணினிகள் உள்ள அந்தத் தேர்வுக்கூடத்தில் அவளைத் தவிர ஈ காக்கை கிடையாது. அவளும் கூடத்துக்குள் இல்லை. அதன் கடைக்கோடியில், பெரிய கண்ணாடிச் சன்னல் வைத்த சர்வர் அறைக்குள் இருந்தாள். அந்த அறைக்குத் தனி வழி கிடையாது. வருவதும் போவதும் கூடத்தின் வழியாகத்தான். கூடத்தின் வாசலிலோ வாட்ச்மேன் நாற்காலியைக் குறுக்கே போட்டுக்கொண்டு, ஒரு கண்ணால் தூங்கி ஒரு கண்ணால் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

ஆனாலும் அவள் முன்னாலிருந்த திரையில் பதினேழாம் கட்டம் சிவந்திருந்தது.

பங்காளி என்பது ஒரு மென்பொருள். டைரக்டர் வைத்த செல்லப்பெயர் அது. எங்கேயோ இருக்கும் மரபணு ஆய்வுக்கூடம் ஒன்று, பரம்பரை நோயுள்ள குடும்பங்களின் மரபணுக்களைப் பல லட்சம் துண்டுகளாக நறுக்கி, உலகம் முழுக்கச் சும்மா கிடக்கும் கணினிகளுக்கு ஆளுக்கொரு துண்டாக அனுப்பும். யாரும் தொடாத நேரத்தில் கணினி அந்தத் துண்டைக் கணக்குப் போட்டு விடை அனுப்பும். கீபோர்டில் ஒரு கை பட்டால் போதும், மரியாதை தெரிந்த விருந்தாளி மாதிரி உடனே எழுந்து ஒதுங்கிவிடும். கை எடுத்துப் பத்து வினாடி ஆனதும் திரும்ப வந்து உட்காரும். ஆள் இல்லாத இடத்தில்தான் அதற்குப் பிழைப்பு.

திரையில் அறுபது கட்டங்கள். பச்சை என்றால் ‘இருக்கையில் ஆள் இல்லை, வேலை தொடர்கிறது’. சிவப்பு என்றால் ‘இருக்கையில் ஆள் உண்டு, வேலை நிறுத்தப்பட்டது’. யாரோ ஒரு தன்னார்வலர் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு மொழிபெயர்த்த வாசகங்கள். மேலே தனியாக அறுபத்தோராவது கட்டம் ஒன்று, அவளுடைய சொந்த இருக்கைக்கு. அவள் தட்டிக்கொண்டே இருப்பதால் அது எப்போதும் சிவப்பு. டைரக்டர் எந்த அழைப்பிதழிலும் அவள் பெயரைப் போட்டதில்லை. அவள் அங்கே இருக்கிறாள் என்பதற்கு அந்த நிறுவனத்தில் இருந்த ஒரே அத்தாட்சி அந்தச் சிவப்புக் கட்டம்தான்.

பதினேழு பச்சைக்குத் திரும்பியது. அவள் மூச்சு விட்டாள். எலியாக இருக்கும்.

பதினாறு சிவந்தது.

டைரக்டரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கணினிகளை அணைக்காமல் வைத்திருப்பதே அவருக்காகத்தான் என்று ஊர் நம்பியது. அவருடைய விசிட்டிங் கார்டில் நிறுவனர், இயக்குநர், கல்விச் சிந்தனையாளர், மானுட நேயர் என்று நாலு வரி இருந்தது. நிறுவனத்திலோ அவரைச் சேர்த்து மூன்று பேர். யார் யாரோ நடத்தும் தேர்வுகளுக்கு மாதத்தில் ஐந்தாறு நாள் கூடத்தை வாடகைக்கு விடுவார்; மிச்ச நாளெல்லாம் கணினிகள் சும்மா கிடக்கும். அவற்றைப் பங்காளிக்குக் கொடுக்கலாம் என்று லேப் மேடம் சொன்னபோது, சொன்னதை மறந்து பலனை மட்டும் பிடித்துக்கொண்டார். மறுவாரமே முன்கூடத்தில் பலகை ஏறிவிட்டது: ‘மனிதகுலத்தின் நாளை இங்கே கணக்கிடப்படுகிறது.’ பக்கத்தில் அவர் வெள்ளைக் கோட்டோடு, கண்ணை இடுக்கிக்கொண்டு ஒரு சோதனைக் குழாயைப் பார்க்கும் படம். குழாயில் இருந்தது எலுமிச்சை சர்பத் என்பது படம் எடுத்த லேப் மேடத்துக்குத் தெரியும். மனிதகுலத்துக்காக அறுபது கணினி இரவு பகலாக ஓடலாம். அவளுக்காகக் கூடத்தில் ஒரு விளக்கு எரியக் கூடாது. “ஆள் இல்லாத இடத்துல எதுக்கும்மா லைட்டு?” என்பார்.

பதினைந்து. பதினான்கு. பதினொரு வினாடிக்கு ஒன்றாக, ஒன்று பச்சையாக அடுத்தது சிவந்தது. எலிக்கு இவ்வளவு ஒழுங்கு ஏது? கேபிள் கோளாறாக இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பன்னிரண்டு. பதினொன்று. அதோடு இரண்டாம் வரிசை முடிந்தது. கோளாறு என்றால் எண் வரிசைப்படி இனி பத்துக்குப் போகும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபத்தொன்று சிவந்தது.

கூடத்தில் வரிசைக்குப் பத்து இருக்கை. பதினொன்றுக்கு நேர் பின்னால் இருப்பது இருபத்தொன்று. திரும்பி நடக்காமல், அப்படியே ஓர் அடி பின்னால் வந்தால் கை படுகிற இடம். பிறகு இருபத்திரண்டு, இருபத்து மூன்று என்று எதிர்ப்பக்கமாக. அப்படி நடக்கிற ஓர் ஆளை அவளுக்குத் தெரியும்.

பழைய பதிவை மேலே தள்ளிப் பார்த்தாள். இருக்கை ஒன்று, மதியம் ஒன்று ஐம்பத்தேழு. இரண்டு. மூன்று. பத்து வரை நேராக. பிறகு இருபது, பத்தொன்பது, பதினெட்டு என்று மடங்கி. வாசலிலிருந்து வந்திருக்கிறது.

அவளுக்கு முன்னால் இந்தக் கூடத்துக்குப் பொறுப்பாக இருந்தது அவளுடைய அண்ணன். ஒவ்வொரு தேர்வு நாளும் காலையில், எல்லாக் கணினியையும் எழுப்பிவிட ஒவ்வொன்றிலும் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டே போவான். முதல் வரிசை இடமிருந்து வலம், அடுத்தது வலமிருந்து இடம், பாம்பு ஊர்கிற மாதிரி. கடைசியில் சர்வர் அறைக் கதவுக்குப் பக்கத்தில், ஐம்பத்தொன்றில் வந்து முடிப்பான். அதுதான் அவனுடைய இருக்கை. ஏன் அண்ணா இப்படிச் சுற்றி வளைக்கிறாய் என்று கேட்டால், “நடை மிச்சம்டி. எனக்கு ஒரு காலுதான் வேலை பாக்குது. இன்னொண்ணு ஓசியில கூட வருது,” என்பான். வலது கால் இழுக்க ஆரம்பித்திருந்த நேரம் அது. ஓர் அடி, ஓர் இழுப்பு. ஓர் அடி, ஓர் இழுப்பு. அடுத்த இருக்கைக்கு வரப் பதினொரு வினாடி ஆகும்.

அவன் போய் எட்டு மாதம் ஆகிறது.

அவர்கள் குடும்பத்தில் அந்த நோய் வலது கைச் சுண்டு விரலில் தொடங்கும். சும்மா ஒரு துடிப்பு, யாரோ கண்ணுக்குத் தெரியாத மேஜையில் விரலால் தாளம் போடுகிற மாதிரி. பிறகு கால். பிறகு நாக்கு. அப்பாவுக்கு நாற்பத்தொன்றில் வந்தது, அண்ணனுக்கு நாற்பதில். அவளுக்கு இப்போது முப்பத்தொன்பது. மூன்று வாரமாக அவள் வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டே பேசப் பழகியிருந்தாள். தன்னைப் பற்றி அவளுக்குப் பெரிய சந்தேகம் ஒன்றும் இல்லை. தெரிய வேண்டியது வேறு. வீட்டில் பதினொரு வயது வாலு ஒன்று இருந்தது, அவள் மகள் குட்டி. அந்தப் பிஞ்சு விரலில் அது இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரிந்துவிட்டால், மற்றதெல்லாம் எப்படியோ போகட்டும்.

ஆய்வுக்கூடம் எந்தக் குடும்பத்தையும் சும்மா எடுத்துக்கொள்ளாது. உடன்பிறந்த இருவர் வேண்டும், ஒருவர் நோயாளி, ஒருவர் நோயில்லாதவர். நோயாளி கடைசி வரை உயிரோடு இருக்க வேண்டும். அண்ணன் உயிரோடு இருந்தபோதே அவன், அவள், குட்டி மூவரும் ரத்தம் கொடுத்து வைத்திருந்தார்கள். சம்மதப் படிவத்தில்தான் அவன் கையெழுத்துப் போடவில்லை, அதற்குள் கை அவனுடையதாக இல்லை. படிவத்தில் ஒருவர் சொன்னதை இன்னொரு பெரியவர் உறுதி செய்தால்தான் ஏற்பார்கள். பங்காளியின் வழக்கமே அதுதான்: எந்தத் துண்டையும் இரண்டு கணினிகளிடம் தனித்தனியே கொடுத்து, இரண்டும் ஒரே விடை சொன்னால் அது உண்மை. ஒன்று மட்டும் சொன்னால் குப்பை.

ஆகவே அவன் போன பதினைந்தாம் நாள், அவள் ஐம்பத்தொன்றாம் இருக்கையில் உட்கார்ந்தாள். அவனுடைய கடவுச்சொல்லைப் போட்டாள், குட்டியின் செல்லப்பெயர்தான். திரை கேட்டது: நீங்கள் உயிருடன் இருக்கிறீர்களா? ஆம். இது நீங்களேதானா? ஆம். இந்தக் குடும்பத்தில் தொடர்ந்து இருக்கச் சம்மதமா? ஆம். மூன்று தட்டு. கூடத்தின் அறுபது கணினிகளையும் தன் குடும்ப எண்ணுக்கே திருப்பிவிட்டாள். அன்றிலிருந்து மனிதகுலத்தின் நாளை என்ற பலகைக்குப் பின்னால் கணக்கிடப்பட்டது ஒரே ஒரு குடும்பத்தின் நாளைதான்.

இன்று காலை தொண்ணூற்று எட்டு சதவீதம். நூறு ஆனால் விடை வரும். அதற்காகத்தான் விடுமுறையிலும் வந்து உட்கார்ந்திருந்தாள்.

எழுந்து கண்ணாடியருகே போனாள். தேர்வு எழுதுகிறவர்கள் வெளியே பார்க்கக் கூடாது என்று கூடத்தின் சன்னல்களிலெல்லாம் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. ஓரங்களில் மட்டும் மதிய வெயில் கம்பியாக நின்றது. அறுபது பெட்டிகளின் விசிறிச் சத்தம் ஒரே இரைச்சலாக, தூரத்து மழை மாதிரி. திரைகள் இருண்டிருந்தன. நாற்காலிகள் எல்லாம் மேஜையோடு ஒட்டித் தள்ளப்பட்டிருந்தன. இருபத்தெட்டாம் திரை வெளிச்சமானது. நீல வெளிச்சம் காலி நாற்காலியின் முதுகில் விழுந்தது, பக்கத்துத் தடுப்புப் பலகையில் விழுந்தது. வேறு எதன் மேலும் விழவில்லை. அணைந்தது. இருபத்தொன்பது. அணைந்தது. முப்பது.

முப்பதோடு நின்றது.

அவள் கண்ணாடியில் நெற்றி படும்படி நின்றாள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். எதுவும் எரியவில்லை. சரியாகப் பாதி வழியில் அது நின்றுவிட்டது. கால் வலித்தால் அவனும் அங்கேதான் நிற்பான், தூணைப் பிடித்துக்கொண்டு.

போன் அடித்ததில் அவளுக்கு உயிர் போய் வந்தது.

“என்னம்மா, மானுட சேவை எப்படிப் போகுது?” டைரக்டர்.

“சார், சிஸ்டத்துல ஏதோ கோளாறு. எல்லாத்தையும் கொஞ்ச நேரம் அணைச்சுடட்டுமா?”

“அணைக்கிறதா? நாளைக்குச் சிறப்பு விருந்தினர் வர்றாரும்மா! எல்லாம் பச்சையா இருக்கணும். என்ன கோளாறு, வைரஸா?”

“தெரியல சார். யாரோ உட்காந்திருக்கிற மாதிரி காட்டுது.”

“அதைச் சொல்லு! ஆள் இல்லாதப்பவே ஆள் இருக்கிற மாதிரி காட்டுதுன்னா, நம்ம நிறுவனத்தோட வளர்ச்சிதானே அது?” தன் பேச்சைத் தானே ரசித்துச் சிரித்தார். “இதை நாளைக்கு உரையில சேர்த்துக்கறேன். வெச்சிடறேன்மா.”

அடுத்த நிமிடமே குட்டி. “அம்மா, சாவிய நீ எடுத்துட்டுப் போயிட்ட. வீடு பூட்டியிருக்கு. நான் அங்க வரேன்.”

“வராத. நான் வந்துடறேன்.”

“நான் பஸ்ஸுலயே ஏறிட்டேன்மா. பத்து நிமிஷம்.”

வாட்ச்மேனை அழைத்தாள். அவர் இந்த வேலைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அண்ணனைப் பார்த்தது கிடையாது. கூடத்தின் கதவு திறக்க, வெளிச்சம் ஒரு பட்டையாக உள்ளே விழுந்தது. டார்ச்சைக் குத்தீட்டி மாதிரி நீட்டிக்கொண்டு, போனைக் காதில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

“யாரு மேடம்? நம்மள மீறி ஒரு ஈ வந்திருக்காது. நான் கண்ண மூடுறதே இல்ல.”

“முப்பதாம் நம்பர் சீட்டுக்குப் போங்க. கீபோர்டுல ஒரு தட்டுத் தட்டுங்க.”

கண்ணாடி வழியாக அவர் முப்பதில் நிற்பது தெரிந்தது. திரை வெளிச்சத்தில் அவருடைய மீசை நீலமாக இருந்தது. அவளுடைய திரையில் முப்பதாம் கட்டம் சிவந்தது. சரிதான். பங்காளி சரியாகத்தான் பார்க்கிறது.

அவருக்குப் பின்னால், நாற்பதாம் திரை எரிந்தது.

“இப்ப எதைத் தட்டினீங்க?”

“நீங்க சொன்ன முப்பதைத்தான் மேடம்.”

“கைய எடுங்க. ரெண்டு கையையும் தூக்குங்க.”

“எதுக்கு மேடம், போலீஸ் மாதிரி…” சொன்னாலும் தூக்கினார். டார்ச் கூரையைப் பார்த்தது. நாற்பது எரிந்துகொண்டே இருந்தது, அவருடைய முதுகுக்கு ஒரு முழம் தள்ளி. அவர் மூக்கை உறிஞ்சினார். “மேடம், நீங்க தைலம் போடுவீங்களா? இங்க ஒரே தைல வாசனை. கால்வலித் தைலம். எங்க அப்பா போடுவாரு.”

என்னை வெளியே கூட்டிக்கொண்டு போங்கள் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் திரையில் தொண்ணூற்று ஒன்பது என்று மாறியிருந்தது. தவிர, அவள் லேப் மேடம். வாட்ச்மேன் முன்னால் நடுங்குகிற லேப் மேடத்தை நாளை யார் மதிப்பார்கள்?

“ஒண்ணுமில்ல. கேபிள் கோளாறு. நீங்க போங்க. பொண்ணு வருவா, வாசல்லயே நிறுத்திவைங்க. உள்ள விடாதீங்க.”

“சரி மேடம்.” கதவு மூடியது. வெளிச்சப் பட்டை மெலிந்து, நூலாகி, அறுந்தது.

முப்பத்தொன்பது. முப்பத்தெட்டு.

இப்போது பதினொரு வினாடி இல்லை. ஒன்பது. கால் பழகிவிட்ட மாதிரி. கண்ணாடிக்கு இந்தப் பக்கமே அவளுக்கு அது கேட்டது: விசிறிகளின் இரைச்சலுக்கு அடியில், சிமெண்ட் தரையில் ரப்பர் தேய்கிற சத்தம். ஓர் அடி. ஓர் இழுப்பு. ஒரு தட்டு.

அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. அவனை யாரும் கூப்பிடவில்லை என்று எப்படிச் சொல்வது? இருக்கிறாயா என்று கேட்டதற்கு அவன் பெயரில் மூன்று முறை ஆம் என்று சொன்னது யார்?

படிவத்தைத் திறந்தாள். தட்டச்சில் அவளை மிஞ்ச ஆளில்லை, இப்போதோ ஒவ்வோர் எழுத்தும் இரண்டாக விழுந்தது. மூன்று வரி. ஒன்று: தங்கை, உயிருடன், ஆம். இரண்டு: அண்ணன், உயிருடன், ஆம். மூன்று: மகள், உயிருடன், ஆம், சிறார். இரண்டாம் வரியில் ‘ஆம்’ என்பதை அழித்து ‘இல்லை’ என்று மாற்றினாள். விடை வராமலே போகட்டும். குடும்பத்தையே தள்ளிவிடட்டும். மன்னிச்சுடு அண்ணா, என்று வாய்விட்டுச் சொன்னாள். ‘சேமி’ பொத்தானை அழுத்தினாள்.

‘மாற்றம் பெறப்பட்டது. குடும்பத்தின் மற்றொரு பெரியவர் உறுதி செய்தபின் ஏற்கப்படும். காத்திருக்கிறோம்: அண்ணன்.’

அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

நாற்பத்தேழு. நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்பது. ஐம்பது.

அறுபது. கடைசி வரிசை. அவளுடைய கதவை நோக்கி.

கதவைத் தாழிட்டாள். தாழ்ப்பாள் ஒரு சுண்டு விரல் கனம்தான். ஐம்பத்தெட்டு. ஐம்பத்தேழு. வாட்ச்மேனுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கண்ணை மூடாதவர் எடுக்கவில்லை. ஐம்பத்து நான்கு. கதவுக்கு அடியிலிருந்த இடுக்கு வழியாக வாசனை வந்தது. கற்பூரமும் கிராம்பும் கலந்த அந்தத் தைலம். கடைசி மாதங்களில் அவளே தன் கையால் தேய்த்துவிட்டது. ஐம்பத்து மூன்று. ஐம்பத்திரண்டு.

ஐம்பத்தொன்று.

நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், அவனுடைய திரை எரிந்தது. அணையவில்லை. நாற்காலி கிறீச்சிட்டது. அந்த ஒரு நாற்காலிக்கு மட்டும் அந்தச் சத்தம் உண்டு. குட்டி சின்னவளாக இருந்தபோது அவளை அதில் உட்காரவைத்து, ராட்டினம் ராட்டினம் என்று சுற்றிச் சுற்றி விட்டே அதன் அச்சு தேய்ந்துபோயிருந்தது. நாற்காலி மேஜையை விட்டு ஒரு சாண் பின்னால் வந்தது. இருக்கையின் மெத்தை மெல்ல அமுங்கியது.

பிறகு தட்டுகிற சத்தம். நிதானமாக. இரண்டு விரலால் தட்டுகிறவனின் சத்தம்.

அவளுடைய திரையில் ஒரு பெட்டி திறந்தது.

‘உங்கள் குடும்ப உறுப்பினர் ஒரு மாற்றம் கோரியுள்ளார். கோரியவர்: அண்ணன். இருக்கை 51. மாற்றம்: தங்கை, உயிருடன், இல்லை. இதை உறுதி செய்கிறீர்களா?’

ஆம். இல்லை. இரண்டு பொத்தான். வெளிச்சம் ‘ஆம்’ மேல் நின்றது. என்டரை அழுத்தினால் ஆம்.

அழுத்த மாட்டாள். அழுத்தாதவரை ஒன்றும் ஆகாது. இரண்டு பேர் ஒத்துப்போனால்தானே? அவள் அசையாமல் உட்கார்ந்தாள். இரண்டு கையும் கீபோர்டின் மேல், தட்டச்சு வகுப்பில் கற்றுக்கொடுத்தபடி. ஒவ்வொரு விரலும் அதனதன் இடத்தில். வலது சுண்டு விரல் என்டருக்குப் பக்கத்தில்.

கையை எடுக்க வேண்டும். மெல்ல. மவுஸைப் பிடித்து, ‘இல்லை’யை அழுத்த வேண்டும்.

கையைத் தூக்கினாள்.

விரல் துடித்தது.

அவள் அழுத்தவில்லை. துடித்தது. அவ்வளவுதான்.

‘மாற்றம் ஏற்கப்பட்டது. இருவர் விடைகளும் ஒத்துப்போகின்றன.’

ஒன்றும் நடக்கவில்லை. விளக்கு அணையவில்லை, கதவு உடையவில்லை. அவள் மூச்சு விட்டாள். விட்டாள் என்றுதான் நினைத்தாள். மேலே அறுபத்தோராவது கட்டத்தைப் பார்த்தாள். பச்சை.

‘இருக்கையில் ஆள் இல்லை. வேலை தொடர்கிறது.’

கீபோர்டைத் தட்டினாள். பச்சை. பத்து விரலாலும் தட்டினாள். உள்ளங்கையால் அறைந்தாள். ஆள் இல்லை. மவுஸைப் பிடித்து மேஜையில் மோதினாள். ஆள் இல்லை. அவளுடைய கணினி, அவள் கை படும்போது ஒரு துண்டுகூடக் கணக்குப் போடாத கணினி, அவள் கண் முன்னால் கடைசித் துண்டை எடுத்து முடித்தது.

நூறு.

‘முடிவு. அண்ணன்: பிறழ்வு உண்டு. தங்கை: பிறழ்வு உண்டு. மகள்: பிறழ்வு இல்லை.’

இல்லை. குட்டிக்கு இல்லை. எல்லாப் பயத்தையும் தள்ளிக்கொண்டு ஒரு சந்தோஷம் பொங்கி வந்தது. எட்டு மாதமாக, இல்லை, பதினொரு வருடமாக அடக்கிவைத்த சந்தோஷம். இல்லை! அவளுக்கு அழுகை வந்தது. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம் இல்லை.

கூடத்தின் கதவு திறந்தது.

“அம்மா?”

தோளில் பை, கையில் தண்ணீர்ப் பாட்டில். பின்னால் வாசலில், குறுக்கே கிடந்த நாற்காலியில் வாட்ச்மேன் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

“அம்மா, எங்க இருக்க? ஏன் லைட்டே போடல?”

அவள் கத்தினாள். போடி, வெளியே போடி என்று கத்தினாள். கண்ணாடியை இரண்டு கையாலும் அறைந்தாள். சத்தம் வரவில்லை. குட்டி வரிசைகளுக்கு நடுவே நேராக நடந்து வந்தாள். சர்வர் அறையின் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்று, கையைக் குவித்து உள்ளே எட்டிப் பார்த்தாள். மூக்கு கண்ணாடியில் நசுங்கியது. மூச்சு ஆவியாகப் படிந்தது. மகளின் கண் அவள் முகத்தின் மேல் விழுந்து, அதில் நிற்காமல், பின்னாலிருந்த காலி நாற்காலிக்குப் போனது.

“காணோம்,” என்றாள் குட்டி, தனக்குத் தானே.

திரையில் படிவம் தானே புதுப்பித்துக்கொண்டது. ஒன்று: தங்கை, உயிருடன், இல்லை. இரண்டு: அண்ணன், உயிருடன், ஆம். மூன்று: மகள், உயிருடன், ஆம், சிறார்.

காப்பாளர்: தாய்மாமன்.

ஐம்பத்தொன்றின் நாற்காலி கிறீச்சென்று திரும்பியது, குட்டி நின்ற பக்கமாக. குட்டி சத்தம் வந்த திசையைப் பார்த்தாள். மூக்கைச் சுருக்கி ஒரு தரம் மோந்தாள். அந்த வாசனையை அவள் மறக்கவில்லை. பயப்படவில்லை. நீல வெளிச்சம் அவள் முகத்தில் முழுசாக விழுந்தது. மெல்ல, நம்ப முடியாத ஒன்றைப் பார்க்கிற மாதிரி, அந்த முகம் மலர்ந்தது.

பையைக் கீழே வைத்தாள். பாட்டிலைப் பத்திரமாக அதன் பக்கத்தில் வைத்தாள். நாற்காலியில் ஏறி, காலை மேலே தூக்கி மடித்து உட்கார்ந்துகொண்டாள், சின்ன வயதில் உட்கார்வது போலவே.

நாற்காலி சுற்றத் தொடங்கியது.

முதலில் மெதுவாக. குட்டி சிரித்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், பச்சைக் கட்டத்துக்கு முன்னால், அவளுடைய சுண்டு விரல் மட்டும் என்டர் மேல் விழுந்து விழுந்து எழுந்தது.

அந்தப் பக்கம் ஒவ்வொரு திரையாக எரியத் தொடங்கியது. நாற்காலி இன்னும் வேகமாகச் சுற்றியது. குட்டியின் சிரிப்பு நின்றிருந்தது. நாற்காலி நிற்கவில்லை.